செயின்சா பிஸ்டன் பிடிச்சிருச்சா? வீட்லயே இன்ஜினைப் பிரிச்சு சரி பண்ற முறை

குமுளி, கம்பம்மெட்டு பக்கம் ஏலத்தோட்டத்துல மழை இறங்கறதுக்கு முன்னாடி நிழல் மரத்துக்கு கொப்பு கழிக்கணும், அந்த நேரத்துல மெஷின் பிடிச்சிருச்சுன்னா நிறைய பேர் உடனே புது பிஸ்டன் வாங்கி மாட்டிடறாங்க. ஏன் பிடிச்சதுன்னு பாக்காம மாட்டினா புதுசும் அதே மாதிரி போயிரும், அதனால முதல்ல காரணத்தைத் தேடுங்க.

பிளக்கைக் கழட்டிட்டு சைலன்சரை எடுங்க. அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சா பிஸ்டன் பக்கவாட்டு தெரியும். சைலன்சர் பக்கம் மட்டும் நெட்டுக்கு கீறியிருந்தா ஆயில் பத்தலை, இல்லன்னா எங்கயோ காத்து உள்ள இழுக்குதுன்னு அர்த்தம். கார்பரேட்டர் பக்கம் மங்கிப்போய் தேஞ்சிருந்தா ஃபில்டர் வழியா தூசி போயிருக்கு.

அடுத்து கார்பரேட்டர், ஸ்டார்டர் மூடி எல்லாம் கழட்டி, சிலிண்டரோட நாலு போல்ட்டை ஆலன் கீ போட்டு எடுத்து, சிலிண்டரை நேரா மேல தூக்குங்க. கீழ கிராங்க் வாயில சுத்தமான துணியை அடைச்சிட்டுத்தான் சர்க்ளிப்பை, அதாவது பிஸ்டன் பின் நழுவாம பிடிச்சிருக்கிற சின்னக் கம்பி வளையத்தைத் தொடணும், அது தெறிச்சு உள்ள விழுந்தா மொத்த இன்ஜினையும் பிரிக்க வேண்டியதாயிரும்.

சிலிண்டர் உள்ள வெள்ளையா ஒட்டியிருக்கிறது பெரும்பாலும் பிஸ்டனோட அலுமினியம்தான். பாத்ரூம் கழுவுற ஆசிட்டை பஞ்சுல தொட்டு அந்த இடத்துல மட்டும் தடவுனா நுரைச்சுக்கிட்டு கரையும், கையுறையும் கண்ணாடியும் போட்டு வெளிய காத்தோட்டமா உக்காந்து செய்யுங்க, ஓட்டை ஓரத்துல இருக்கிற வெறும் அலுமினியத்துல படவே கூடாது, அதையும் தின்னுரும். அப்புறம் நல்லா தண்ணி விட்டு அலசித் தொடச்சு நகத்தால தடவிப் பாருங்க. கீறல்ல நகம் மாட்டுச்சுன்னா சிலிண்டரும் புதுசுதான், உள்ள பூசியிருக்கிற சிலிண்டரை போர் பண்ணி ஓட்ட முடியாது.

52 சிசியும் 58 சிசியும் வெளிய ஒண்ணு போலவே இருக்கும், பிஸ்டன் சைஸ் மாறும், பழசைக் கையோட கடைக்கு கொண்டு போங்க.

இப்பவே கிராங்க் ரெண்டு பக்க ஆயில் சீலையும், கார்பரேட்டரை சிலிண்டரோட இணைக்கிற ரப்பரையும் பாத்துருங்க, ரப்பரை வளைச்சாத்தான் வெடிப்பு தெரியும். கிளட்ச் பக்க சீலுக்கு கிளட்சைக் கழட்டணும், அதுக்கு இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். சிலிண்டரை எடுக்கிறதுக்கு முன்னாடியே, பிஸ்டன் சைலன்சர் ஓட்டையை மூடுற அளவு மேல வந்ததும் பிளக் ஓட்டைல ஸ்டார்டர் கயிறை விட்டா இன்ஜின் சுத்தாம நிக்கும், அப்ப கழட்டறது சுலபம்.

மாட்டும்போது பிஸ்டன் மேல இருக்கிற அம்புக்குறி சைலன்சரைப் பாக்கணும். ரிங்கோட வாய் பிஸ்டன்ல ரிங் உக்கார்ற பள்ளத்துல இருக்கிற சின்ன பின் மேல சரியா உக்காரணும், கொஞ்சம் விலகினாலும் ரிங் உடைஞ்சு சிலிண்டரைக் கிழிச்சிரும், அதனால பெட்ரோல்ல கலக்குற டூ-டி ஆயிலைத் தடவி, விரலால ரிங்கை அமுக்கிக்கிட்டு, சிலிண்டரைத் திருப்பாம நேரா இறக்குங்க. புது கேஸ்கட் போடுங்க. போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு கனம், 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

பெட்ரோல் கலக்குறப்ப கண்ணளவு வேண்டவே வேண்டாம். 25:1 கேக்குற மெஷினுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில், 50:1-க்கு 20 மில்லி, புத்தகத்துல எது போட்டிருக்கோ அதுதான். கார்பரேட்டர்ல மெது ஓட்டத்துக்கும் வேக ஓட்டத்துக்கும் பெட்ரோல் அளவை மாத்துற எல், ஹெச் ரெண்டு ஸ்க்ரூவையும் மெதுவா மூடி ஒரு சுத்து திறந்து ஸ்டார்ட் பண்ணுங்க, முதல் டேங்க் தீர்ற வரைக்கும் ஃபுல் ரேஸ் பிடிச்சே வைக்காம சின்னக் கொப்பா அறுங்க.