உயிரியல் படிக்காத இன்ஜினியர் எம்.பி.பி.எஸ். சேர்வது எப்படி: நான் போன வழி, படிப்படியாக

பிளஸ் டூவில் நான் எடுத்தது கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த குரூப். 2017-ல் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஏழு வருடம் பம்ப் வடிவமைப்பில் வேலை பார்த்தேன். இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவி. நடுவில் ஒன்றரை வருடம் ராத்திரி தூக்கம் இல்லாமல் கவலைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கவலையில் முக்கால்வாசி, விதிமுறையை ஒருமுறை ஒழுங்காகப் படித்திருந்தால் ஒரே மாலையில் தீர்ந்திருக்கும். மீதி கால்வாசி உண்மையான கவலை. அதற்கு உழைப்புதான் மருந்து. எது எந்த வகை என்று பிரித்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். நீட் என்றால் என்ன, விண்ணப்பத்தை எங்கே நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வயதுக் கவலையை இன்றைக்கே முடித்துவிடுங்கள்

"இருபத்தஞ்சு தாண்டினா எழுத முடியாதேம்மா" என்றார் சித்தப்பா. அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று வரம்பு இருந்தது. 2022 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது கீழ் வரம்பு மட்டும்: சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு கிடையாது.

மற்றபடி கணக்கு இதுதான்: நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. 29-ல் சேர்ந்தால் முடிக்கும்போது 34, 35. மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம். இதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துப் பேசுங்கள். நான் அம்மாவிடம் ஆறு மாதம் சொல்லாமல் மறைத்தேன், அது தப்பு. சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அஞ்சரை வருஷம் செலவுக்கு என்ன பண்ணுவ?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது. உங்கள் பெயரில் வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ ஓடினால், படிப்பைத் தொடங்கும் முன்பே இந்தக் கேள்விக்கு விடை எழுதிவிடுங்கள்.

படி 2: உங்கள் பி.இ. பட்டம் இங்கே கணக்கில் வராது

நான் முதலில் இடறி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். சேர்வதற்கான தகுதித் தேர்வு பிளஸ் டூ. அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் தேறியிருக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 40 சதவீதம் வேண்டும். பொறியியலில் நீங்கள் தங்கப் பதக்கமே வாங்கியிருந்தாலும் அது உயிரியலுக்கு ஈடாகாது. விண்ணப்பத்தில் தகுதித் தேர்வு என்று கேட்கும் இடத்தில் பி.இ.-யைப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டர் குரூப் படித்தவர்களுக்கு வழியே இல்லையா? 2023 நவம்பர் வரை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் இந்தப் பாடங்களை இரண்டு வருடம் தொடர்ச்சியாகப் படித்திருக்க வேண்டும் என்ற பழைய விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2023 நவம்பர் 22 அன்று தேசிய மருத்துவ ஆணையம் ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியிருந்தாலும் நீட் எழுதலாம் என்றது அது. அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். பல இடங்களில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கே இது தெரியாது. நான் முதலில் விசாரித்த பயிற்சி மையத்தில், "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி மூன்று வாரம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தேன்.

முதல் குரூப், அதாவது கணிதத்தோடு உயிரியலும் படித்தவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நேராகப் படி 4-க்குப் போய்விடுங்கள்.

படி 3: உயிரியலை மட்டும் தனியாக எழுதுவது

தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ்., ஏற்கெனவே பிளஸ் டூ முடித்தவர்களை ஓரிரு பாடங்களுக்கு மட்டும் சேர்த்துக்கொள்கிறது. மேல்நிலை உயிரியலின் பாட எண் 314. நான் 2023 டிசம்பரில் சேர்ந்து, 2024 அக்டோபர்-நவம்பர் தேர்வை எழுதினேன். வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு; இன்னொன்று ஏப்ரல்-மே.

செய்முறைத் தேர்வை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் எழுத்துத் தேர்வுக்கு மட்டும் விடுப்பு வாங்கிக்கொண்டு இதைக் கோட்டைவிடுகிறார்கள். நானும் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ரியோ என்ற அலங்காரச் செடியின் இலையில், ஊதா நிற அடிப்பக்கத்தில் மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் ஊதா நிறம் நிறைந்திருந்தது. ஓரத்தில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டதும் அந்த ஊதா மெதுவாகச் சுவரைவிட்டுப் பிரிந்து நடுவில் சுருண்டுகொண்டது. 28 வயதில் முதல்முறையாக ஓர் உயிருள்ள செல் அசைவதைப் பார்த்தேன். பாதையை மாற்ற வேண்டும் என்ற முடிவு எனக்கு உறுதிப்பட்டது அந்த மேசையில்தான்.

மதிப்பெண் கணக்கில் ஒரு சந்தேகம் வரும். என் காலத்தில் பிளஸ் டூ பாடங்கள் தலா 200-க்கு, என்.ஐ.ஓ.எஸ். உயிரியல் 100-க்கு. இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி மூன்றையும் 300-க்குக் கூட்டிப் பாருங்கள். பிறகு அப்படியே 500-க்கும் கூட்டிப் பாருங்கள். இரண்டு வழியிலும் தேவையான சதவீதத்தைத் தாண்டினால் நிம்மதியாக இருக்கலாம்.

படி 4: புத்தகம் வாங்கும் முன் பதிப்பைப் பாருங்கள்

மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் உயிரியல் மட்டும் 90 கேள்வி, 360 மதிப்பெண். சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். உயிரியலுக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பதினொன்று, பன்னிரண்டு புத்தகங்கள்தான் அடித்தளம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைவிட விரிவாக, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வேலையையும் பார்த்துக்கொண்டு படிக்கிறவருக்கு இரண்டுக்கும் நேரம் இல்லை.

பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். செரிமானம், தாவரங்களில் கடத்தல், தாது ஊட்டம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகக் கோடு போட்டுப் படித்த பிறகுதான் அந்த அத்தியாயங்களைப் புதிய பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. 2024 தேர்வுக்காகப் பாடத்திட்டத்தையே மாற்றியிருந்தார்கள். அதனால் அந்தந்த ஆண்டின் பாடத்திட்டத்தை இறக்கி, அத்தியாயத் தலைப்புகளோடு ஒப்பிட்டு டிக் அடித்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.

படி 5: உயிரியலை இன்ஜினியர் மாதிரி படிக்காதீர்கள், ஆனால் முழுக்க விட்டும்விடாதீர்கள்

உண்மையான கவலை இது ஒன்றுதான். நமக்கு ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தருவித்துப் பழக்கம். தவளைக்கு இதயத்தில் மூன்று அறை, கரப்பான்பூச்சிக்கு வயிற்றில் பத்துக் கண்டம் என்பதை எதிலிருந்தும் தருவிக்க முடியாது. என் முதல் மாதிரித் தேர்வில் 720-க்கு 212. உயிரியலில் தொண்ணூற்றில் பாதியைக்கூடத் தொடவில்லை.

அதற்குப் பிறகு பாடத்தை இரண்டாகப் பிரித்தேன். தர்க்கத்தால் பிடிக்கக்கூடியவை ஒரு பக்கம். உதாரணத்துக்கு, டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கிறது என்று காட்ட மெசல்சன், ஸ்டால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1958-ல் செய்த சோதனை. கனமான நைட்ரஜன்-15-ல் வளர்ந்த ஈ. கோலை பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றுகிறார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தலைமுறை. 80 நிமிடம் கழித்து லேசான டி.என்.ஏ.வுக்கும் கலப்பினத்துக்கும் (ஒரு இழை பழைய கனமானது, ஒரு இழை புதிய லேசானது) விகிதம் என்ன? நான்கு தலைமுறை, ஒன்று பதினாறாகும். பழைய இழை இரண்டே இரண்டு, அதனால் கலப்பினம் 2, மீதி 14. விகிதம் 7:1. இதில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. இதயமும் அப்படித்தான். ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் 5,040 மில்லி, அதாவது ஏறத்தாழ 5 லிட்டர். பம்ப்போடு ஏழு வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மரபியல், சூழலியலில் வரும் வளர்ச்சிச் சமன்பாடு, நரம்புத் தூண்டல் எல்லாம் இந்தப் பக்கம்.

மனப்பாடம் மட்டுமே செய்யக்கூடியவை மறுபக்கம்: வகைப்பாடு, உதாரண உயிரினங்களின் பெயர், தாவரக் குடும்பங்கள். இதற்கு ஆன்கி, அதாவது கேள்வி-பதில் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலி. வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கார்டுகளை நீங்களே எழுதுங்கள். எழுதும்போதே பாதி மனதில் ஏறிவிடும். காலையில் கம்பெனி பஸ்ஸில் நாற்பது நிமிடம், தினமும், ஞாயிறும் சேர்த்து. ஒரு கார்டுக்கு ஒரே விஷயம். ஐந்து விஷயத்தை ஒரு கார்டில் திணித்தால் நான்கு தெரிந்து ஒன்று மறக்கும், நீங்கள் "தெரியும்" என்று தள்ளிவிடுவீர்கள்.

வீடியோ வகுப்புகளை அளவோடு பாருங்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்ல வந்தால்தான் அது உங்களுடையது.

படி 6: கால்குலேட்டரை மறந்துவிடுங்கள்

இயற்பியல் நமக்குச் சாதகம்தான், ஆனால் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. ஏழு வருடத்தில் என் கை வகுத்தல் துருப்பிடித்திருந்தது. தினமும் இருபது கணக்கு, கையாலேயே, தோராயமாக்கிப் பழகுங்கள். 2025-லிருந்து 180 நிமிடத்தில் 180 கேள்வி. முன்பு இருந்த தேர்வு செய்து எழுதும் பகுதியும் கூடுதல் இருபது நிமிடமும் போய்விட்டன. நான் எழுதிய 2025 மே 4 தேர்வில் இயற்பியல் மிகவும் நீளமாக இருந்தது. உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு வந்ததால்தான் மூச்சுவிட முடிந்தது. மாதிரித் தேர்வுகளைத் திரையில் எழுதாமல், ஓ.எம்.ஆர். தாளைப் பிரிண்ட் எடுத்து, வட்டத்தை நிரப்பி எழுதுங்கள். வட்டம் நிரப்பும் நேரம் தனியாக ஓடும்.

படி 7: ராஜினாமா கடைசியில்

மூன்று முழு மாதிரித் தேர்வில், தொடர்ந்து, உங்கள் பிரிவுக்கான முந்தைய ஆண்டு அரசுக் கல்லூரி கட்-ஆஃப் அருகே வராதவரை வேலையை விடாதீர்கள். நான் பிப்ரவரி கடைசியில்தான் விட்டேன். ஆண்டுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள், எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். சம்பளம் வருகிறது என்ற நிதானம் படிப்புக்கே உதவும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர் கேட்டவற்றை வைத்து மூன்று விஷயம்.

ஒன்று, தமிழில் எழுதலாமா? தாராளமாக. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி. ஆங்கிலத்தில் பொறியியல் படித்துப் பழகிவிட்டதால் நான் ஆங்கிலத்தையே எடுத்தேன்.

இரண்டு, சேர்ந்த பிறகு எத்தனை வருடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. முதலாமாண்டுப் பாடங்களுக்கு நான்கு வாய்ப்பு. சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும்.

மூன்று, அதிகம் பேர் மாட்டிக்கொண்டது: பள்ளிச் சான்று. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, மீதி 85 மாநிலத்துடையது. மாநிலக் கவுன்சலிங்குக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்ததற்கான சான்று வேண்டும். நான் எட்டு வரை படித்த பள்ளிக்குப் பதினாறு வருடம் கழித்துப் போனேன். பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண் ஊழியர் பீரோவிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். நீல மையில் என் பெயர் இருந்தது, இனிஷியல் தப்பு. அதைச் சரிசெய்து கையெழுத்து வாங்க இன்னும் இரண்டு நடை. தேர்வு முடியட்டும் என்று இருக்காதீர்கள். மே மாதம் பள்ளிக்கு விடுமுறை, தலைமையாசிரியரைப் பிடிப்பது கஷ்டம். ஆதாரில் இருக்கும் பெயரையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொண்டு மார்ச்சிலேயே போய்விடுங்கள்.