சிவப்பு விளக்கு அணையும் வரை: ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினைத் தேய்க்கும் தவறுகள்

பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் நேற்றுக் காலை ஒரு டீசல் வேனை ஸ்டார்ட் செய்தான். செய்த கையோடு ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தான். இருபது வயதில் நானும் இப்படித்தான் மிதித்தேன். ஆயில் அளவைப் பார்ப்பது, காலத்தில் மாற்றுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டார்ட் ஆனதும் உறுமவிடுவது

இதை மட்டும் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் வடிந்து சம்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், கிடக்கும். மேலே மிஞ்சுவது மெல்லிய பூச்சுதான். ஓடும்போது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயில் படலத்தின்மேல் மிதந்தபடி சுற்றுகிறது. அதைத் தாங்கும், 'மெட்டல்' என்று நாங்கள் சொல்லும் பேரிங்கைத் தொடுவதில்லை. நின்றதும் மெட்டலின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. மறுபடி சுற்றத் தொடங்கும்போது இரண்டும் உரசுகின்றன. பம்ப் ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக மேலே ஏற்றச் சில விநாடிகள் வேண்டும். மிதிப்பவர்கள் அந்த விநாடிகளில்தான் மிதிக்கிறார்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் கேடு இன்னும் அதிகம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றையும் தாண்டும்.

முழு வேலை பார்த்துப் பூட்டிய ஒரு வேனில் புது ஃபில்டரை வெறுமையாகவே மாட்டினேன். ஸ்டார்ட் ஆன மகிழ்ச்சியில், ஆயில் அழுத்தம் வரும்வரை டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அணைவதற்குள் மூன்று முறை மிதித்துவிட்டேன். இரண்டாம் நாள் அடியிலிருந்து டக் டக்கென்று சத்தம். சம்பைக் கழற்றினோம். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய புது மெட்டலில் பட்டை பட்டையாகச் செம்பு தெரிந்தது. கிராங்கைத் தடவினால் நகத்தில் இடறும் கோடுகள். அதைத் தேய்த்துச் சமமாக்கும் கிரைண்டிங்குக்கு அனுப்பினோம். வேன்காரருக்குப் பத்து நாள் ஓட்டம் போயிற்று. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

இப்போது ஃபில்டரை வாய் மேலே இருக்கும்படி நிமிர்த்தி மாட்டும் வண்டியென்றால் அதில் ஆயில் ஊற்றித்தான் மாட்டுகிறேன். டீசல் வரத்தை நிறுத்திவிட்டு, விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றவிடுகிறேன். பிறகுதான் ஸ்டார்ட். அன்றாடம் ஓடும் வண்டிக்கு இவ்வளவு தேவையில்லை. விளக்கு அணையட்டும், அரை நிமிடம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருங்கள், முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள்.

நிறுத்தி வைத்தே சூடாக்குவது

பயந்துபோய்ப் பதினைந்து நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடியே ஓட, விடுகிறவர்களும் உண்டு. ஐடிலில் இன்ஜின் மெதுவாகத்தான் சூடேறும். குளிர்ந்த பெட்ரோல் இன்ஜினுக்குள் கூடுதலாகப் போகும் பெட்ரோல், சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். மெல்ல ஓட்டினால் சீக்கிரம் சூடாகும்.

கெட்டி ஆயில்தான் நல்லது என்பது

10டபிள்யூ-30 ஆயில் கேட்கும் புது இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லி வருகிறார்கள். 'டபிள்யூ' என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் குளிரில் ஆயில் சீக்கிரம் மேலேறும். ஊட்டியில் மார்கழி விடியலில் கெட்டி ஆயிலை ஒரு கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள், தேன் மாதிரி இறங்கும். இன்ஜினின் குறுகலான வழிகளிலும் அப்படித்தான் போகும். கையேட்டில் உள்ள எண்ணையே ஊற்றுங்கள்.

மலிவு ஃபில்டர்

வாங்காதீர்கள். உள்ளே ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இறுகிப்போனால், தினமும் காலையில் வெறும் ஃபில்டரோடுதான் ஸ்டார்ட் செய்வீர்கள்.