முதலாளியின் பக்தியும் கம்பெனியின் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரையிலிருந்து மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வரை கடல் தொழில் நடத்துபவர்களில் கடவுளை நினைக்காமல் கடை திறப்பவர்கள் குறைவு. அது நல்லதுதான். யாரும் பார்க்காத நேரத்திலும் எடையில் கை வைக்காத முதலாளிகள் பலர், மேலே ஒருவன் பார்க்கிறான் என்ற பயத்தில்தான் அப்படி இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்தியை வைத்தே சில தவறுகளும் நடக்கின்றன.

முதலில் வட்டியில்லா முன்பணம். வட்டி பாவம் என்று நம்பும் முதலாளி, வலை வாங்கவும் எஞ்சின் பழுது பார்க்கவும் நண்டு பிடிக்கும் மீனவர்களுக்கு வட்டியில்லாமல் பணம் தருகிறார். சரி. கூடவே, "பிடிக்கிற நண்டு முழுக்க எனக்குத்தான்" என்ற பேச்சும் வருகிறது. வெளியில் கிலோ 400 ரூபாய் போகும் நாளில் இங்கே 370 போடுகிறார் என்று வையுங்கள். 10 கிலோ கொண்டுவந்தவருக்கு அன்றைக்கே 300 ரூபாய் போச்சு. முன்பணமோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இது வட்டியைவிட மோசம், ஏனென்றால் எந்த நோட்டிலும் ஏறாது. அன்றைய வெளி விலையையே போடுங்கள். முன்பணத்தைத் தனியாக எழுதித் தவணையாகக் கழியுங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானமில்லாத அந்த நாட்களில் ஆட்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது, தர்மத்தைச் சம்பளத்தில் கழிப்பது. ரமலானில் ஜகாத் கொடுத்துவிட்டு, "அதான் கொடுத்தாச்சே" என்று போனஸை நிறுத்தக் கூடாது. ஜகாத் என்பது சேமிப்பில் நூற்றுக்கு 2.5 என்று ஏழைகளுக்குச் சேர வேண்டிய பங்கு. கூலி உழைத்தவருக்குப் பட்ட கடன். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடு என்பதும் அதே மார்க்கம் சொன்னதுதான். கோயில் கொடைக்கோ மாதா திருவிழாவுக்கோ அள்ளிக் கொடுத்துவிட்டு, நண்டு உரிக்கும் பெண்களின் வாரக் கூலியைத் தள்ளிப் போடுவதும் இதே தவறு.

லீவு விஷயம் எளிது. வெள்ளி மதியத் தொழுகைக்கு நேரம் விடும் கம்பெனி, ஞாயிறு பூசைக்குப் போகிறவரையும் அம்மனுக்குக் காப்புக் கட்டியவரையும் அதே மனசோடு நடத்தினால் போதும். காலையில் எல்லாரையும் நிறுத்திப் பிரார்த்தனை செய்யச் சொல்லவே வேண்டாம். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று நிற்பவரை வைத்து நடப்பது பிரார்த்தனை ஆகாது.

பிடித்ததை விற்ற பணத்தில் செலவு போக, முதலாளிக்கும் படகில் போன ஆட்களுக்கும் பங்கு பிரிக்கும்போது டீசல், ஐஸ் செலவோடு திருவிழா வரியையும் சத்தமில்லாமல் கழிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். முதலாளி தன் பங்கிலிருந்து கொடுக்கட்டும். ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, தருகிறவர்களிடம் மட்டும் வாங்கட்டும்.