ரெஜெக்ஸில் நான் பட்டது, பிள்ளைகள் இப்போது படுவது

கும்பகோணத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எழுதும் ரெஜெக்ஸை, அதாவது உரையில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் சூத்திரத்தைப் பார்த்தால் என் பழைய நிரலையே பார்ப்பதுபோல் இருக்கிறது. புள்ளிக்கு முன் பேக்ஸ்லாஷை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது பத்து நிமிடத்தில் தானே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சொல் எல்லையைத் தமிழில் நம்புவது

ஒரு சம்பா பருவம். மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் வியாபாரி, எந்த ஊருக்கு எத்தனை மூட்டை போனது என்று கூட்டித் தரச் சொன்னார். லோடு விவரமெல்லாம் எக்செலில், அவரவர் கைக்கு வந்தபடி எழுதியது. பைத்தான் மொழியில் நிரல் எழுதினேன். ஊர்ப் பெயரின் இரு பக்கமும் பேக்ஸ்லாஷ் பி (b), அதாவது சொல் எல்லை. ‘ஆடுதுறையில் இறக்கியது 60 மூட்டை’ என்ற வரியை வைத்துச் சோதித்தேன். பிடித்தது. சரி, முடிந்தது என்று கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து லாரிக்காரர் வாடகை நோட்டோடு வந்து நின்றார். ஆடுதுறை லோடில் பாதிக்கு மேல் என் கூட்டலில் இல்லை. ‘ஆடுதுறை 60 மூட்டை’ என்று வெறுமனே எழுதிய வரிகள் எல்லாம் காணோம்! தனிச் சொல்லைப் பிடிக்கத்தான் எல்லை போட்டேன். தனியாக நின்றால் விடுகிறது, உருபு ஒட்டினால் பிடிக்கிறது.

பைத்தானோடு வரும் ‘ஆர்ஈ’ நூலகத்துக்கு எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே சொல்லின் பகுதி. கொம்பு, கால், புள்ளி எல்லாம் யூனிகோடில் எழுத்து அல்ல, ‘குறி’ என்ற வேறு வகை. ‘றை’ என்பது ‘ற’வும் ஐகாரக் குறியும். அந்தக் குறியும் சொல் அல்ல, பின்னால் வரும் இடைவெளியும் சொல் அல்ல. இரண்டுக்கும் நடுவில் எல்லை எங்கிருந்து வரும்? ‘ய’ வந்தால்தான் எல்லை. இதே நூலகத்தில் சொல்லின் பகுதிகளைத் தொடராகப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் போட்டால் ‘தஞ்சாவூர்’ தஞ, ச, வ, ர என்று நான்கு துண்டாகும். ஜாவாஸ்கிரிப்ட், கோ மொழிகள் இரண்டுக்கும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே சொல். ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் நூலகம் குறிகளையும் சேர்த்துக்கொள்ளும், அங்கே பழைய பேட்டர்னே சரியாக ஓடும். அதுதான் இன்றும் எரிச்சல்.

உருபு ஒட்டிய வடிவங்களையும் சேர்த்து, முன்னும் பின்னும் தமிழ் யூனிகோடு வரம்பில் எதுவும் இல்லை என்று, முன்னால் இருப்பதைப் பார்க்கும் லுக்பிஹைண்ட், பின்னால் வருவதைப் பார்க்கும் லுக்அஹெட் போட்டுச் சரிசெய்தேன். வாடகை வித்தியாசத்தை வியாபாரி என் கூலியில் கழித்துக்கொண்டார்.

சரிசெய்ததை அப்படியே இன்னொரு மொழியில் ஒட்டுவது

கோ-வில் லுக்அஹெட்டும் இல்லை, லுக்பிஹைண்டும் இல்லை. உள்ளீடு எவ்வளவு நீண்டாலும் நேரம் அதே விகிதத்தில்தான் கூட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அது பிழையாவது சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் ‘யு’ (u) கொடி இல்லாமல் யூனிகோடு வகையை, அதாவது பேக்ஸ்லாஷ் பி (p), அடைப்புக்குள் வகைப் பெயர் என்று எழுதிப் பாருங்கள்: ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ‘பி’ (p) என்ற ஆங்கில எழுத்தையும் அந்த அடைப்பையும் அப்படியே தேடப் போய்விடும்.

கம்பைல் ஆகிவிட்டதே என்று நிம்மதியாவது

ஜிசிசி என்ற கம்பைலரின் 4.8 பதிப்பில் சி++ ரெஜெக்ஸ் ஹெடர் இருந்தது, கம்பைலும் ஆனது. உள்ளேதான் சரக்கு இல்லை. ஓட்டினால் எக்செப்ஷன் விழும். 2014-இல் வந்த 4.9-இல்தான் உருப்பட்டது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸின் இயல்பான கம்பைலர் ஜிசிசி 4.8 என்பதால் பழைய சர்வரில் இது இன்னும் மாட்டும்.

‘கிரெப் ஈ’யில் பேக்ஸ்லாஷ் டி

கிரெப் என்பது கோப்புகளில் தேடும் கட்டளை. அதில் எண்ணைப் பிடிக்க பேக்ஸ்லாஷ் டி (d) வேண்டாம். சதுர அடைப்புக்குள் 0-9.

மேட்ச் என்றால் எல்லா இடத்திலும் ஒன்று என்பது

பைத்தானில் தொடக்கம் பொருந்தினால் போதும். ஜாவாவின் மேட்சஸுக்கு முழுச் சரமும் பொருந்த வேண்டும்.

கண்ணை நம்புவது

‘கொ’வில் உள்ள குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியீடாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். அதே வியாபாரியின் எக்செலில் கொரடாச்சேரி இரண்டு ஊராக இருந்தது.