மால்டாவில் ஸ்கூபா டைவ் போகிறீர்களா? தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள்

மத்தியதரைக் கடலில் மால்டா, கோஸோ, கொமினோ தீவுகளைச் சுற்றியுள்ள தண்ணீர் அவ்வளவு தெளிவு. நல்ல நாளில் முகத்தைக் கவிழ்த்தாலே முப்பது மீட்டர் வரை தெரியும். ஆபத்தும் அந்தத் தெளிவில்தான் இருக்கிறது. கலங்கிய கடலில் இருட்டு கூடக் கூட 'ஆழம் போகிறோம்' என்று உடம்பே சொல்லிவிடும். இங்கே அந்த எச்சரிக்கை வராது.

நான் இதைக் கற்றுக்கொண்டது உம் எல் ஃபரூத் என்ற எண்ணெய்க் கப்பலில். 1995 பிப்ரவரியில் மால்டா கப்பல் பட்டறையில் இது வெடித்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். 1998இல் தெற்குக் கரையில் வீயெட் இஸ்ஸுரீ அருகே மூழ்கடித்தார்கள். நீளம் 110 மீட்டர். மேல்தளம் சுமார் 25 மீட்டரில், மணல் 36 மீட்டரில். மேலே சீலா மீன் கூட்டம் வெள்ளிக் கோடுகளாய் நின்றது. அதைப் பார்த்தபடியே கம்பி வேலியோரம் இறங்கினேன். ஆழத்தைக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தபோது 31 மீட்டர். இருபதைத் தாண்டியிருக்க மாட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடிப்படை டைவ் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர், அடுத்த படியான அட்வான்ஸ்டுக்கு 30. இங்கே பேர் போன கப்பல்களோ பெரும்பாலும் அதற்குக் கீழே. மால்டாவின் வடமுனையான சிர்கெவ்வாவில் 2007இல் மூழ்கடித்த ரோந்துப் படகு பி29, அதன் பக்கத்து இழுவைப் படகு ரோஸி, கோஸோவின் ஷத் லஹ்மரில் கிடக்கும் கர்வேலா எல்லாமே அப்படித்தான். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. 10 மீட்டரில் குடிக்கும் காற்றைப் போல இரண்டு மடங்கு குடிப்பீர்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற மேலேறும்போது ஆங்காங்கே நிற்க வேண்டிவரும்; அந்த நிறுத்தங்கள் இல்லாமல் அங்கே தங்கக்கூடிய நேரம் வழக்கமான அட்டவணைப்படி 20 நிமிடம்தான். அதற்குமேல் கரைக்குத் திரும்பி நீந்தவும் காற்று வேண்டும். சிலிண்டரில் எத்தனை பார் அழுத்தம் மிச்சமிருக்கும்போது திரும்புவது என்று கரையிலேயே கூட்டாளியோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். கீழே போய் முடிவெடுப்பது சரிப்படாது. கப்பலுக்குள் நுழைய அதற்கென்று பயிற்சி வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பதே பெரிய அனுபவம். ஒரு திருகாணியைக்கூட நினைவுக்கு என்று எடுத்து வராதீர்கள். உம் எல் ஃபரூத் ஒன்பது பேரின் உயிர் போன இடம்.

அடுத்த தவறு, ஊரிலிருந்து கிளம்பும்போதே 'திங்கள் இந்த இடம், செவ்வாய் அந்த இடம்' என்று எழுதி வைப்பது. இங்கே கடல்மட்டத்தின் ஓத ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. எல்லாமே காற்றைப் பொறுத்தது. மால்டாக்காரர்கள் மய்யிஸ்ட்ரால் என்று சொல்லும் வடமேற்குக் காற்று அடித்தால் சிர்கெவ்வாவும், கோஸோவின் மேற்குக் கரையிலுள்ள த்வெய்ராவும் கொந்தளிக்கும். அதே நாளில் வீயெட் இஸ்ஸுரீயும் ஷத் லஹ்மரும் அமைதியாக இருக்கலாம். தென்கிழக்கிலிருந்து ஷ்லொக் வந்தால் நிலைமை தலைகீழ். காற்று ஓய்ந்துவிட்டதே என்று அவசரப்படவும் கூடாது. அலை அடங்க இன்னும் நேரம் பிடிக்கும். பெரும்பாலும் பாறையிலிருந்துதான் இறங்குகிறோம். இறங்குவதைவிட ஏறுவதுதான் கஷ்டம். இறங்கும் இடத்தில் நின்று ஐந்து நிமிடம் அலையைப் பாருங்கள், எங்கே எப்படி ஏறி வருவோம் என்று கண்ணால் அளந்து பாருங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம்.

த்வெய்ராவுக்கு எல்லாரும் போவார்கள், போகவும் வேண்டும். 2017 மார்ச் 8 அன்று அங்கிருந்த அஸூர் விண்டோ என்ற பாறை வளைவு புயலில் இடிந்து விழுந்துவிட்டது. பழைய படங்களை நம்பி அதைத் தேடாதீர்கள். பக்கத்திலுள்ள புளூ ஹோல் என்ற, பாறைக்குள் கடலோடு இணைந்த ஆழமான குழி அப்படியே இருக்கிறது. கரடுமுரடான பாறையில் சிலிண்டரைச் சுமந்து நடக்க வேண்டும். கெட்டியான பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள், முன்கூட்டியே தண்ணீர் குடியுங்கள். வியர்த்து வற்றிய உடம்போடு ஆழம் போவது ஆகாது. இன்லேண்ட் ஸீ என்ற, பாறைகள் சூழ்ந்த உப்பங்கழியிலிருந்து கடலுக்குப் போகும் குகைவழி சுமார் 80 மீட்டர். அதே வழியில் சுற்றுலாப் படகுகளும் ஓடுகின்றன. தாழ்வாக, சுவரோரமாகப் போங்கள். நடுவில் மேலே வரவே கூடாது.

ஆகஸ்டில் மேற்பரப்பு 26, 27 டிகிரி இருக்கிறதே என்று மெல்லிய உடையோடு இறங்கினால், ஆழத்தில் குளிர்ந்த அடுக்கு வந்து நடுக்கும். பிப்ரவரியில் மேலேயே 15 டிகிரிதான்.

கடைசி நாள் காலையில் டைவ், மாலையில் விமானம் என்று திட்டம் போடாதீர்கள்; உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழியாகலாம். பல நாள் டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் ஒரு முழு நாள் விடுவேன். டைவுக்குப் பின் மூட்டு வலி, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி வந்தால் 'தூங்கினால் சரியாகும்' என்று படுத்துவிடக் கூடாது. ஆக்ஸிஜன் கேளுங்கள், 112ஐக் கூப்பிடுங்கள். மால்டாவின் மேட்டர் டேய் மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது.