பிரைட்டன் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனுக்கு லண்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பக்கத்தில்தானே என்று எதையும் விசாரிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். முதல் ஏமாற்றம் கடற்கரையில்: மணலே கிடையாது, முழுக்கக் கூழாங்கல். செருப்பைக் கழற்றாதீர்கள்.

இளவரசர் வந்ததால்தான் இந்த ஊர் உண்டானது என்பார்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான அவர் முதலில் வந்தது 1783-ல். அதற்கு வெகு முன்பே, 1750களில், ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் ‘கடல்நீரில் குளி, அதையே குடி’ என்று நோயாளிகளுக்கு இங்கே வைத்தியம் பார்த்தார். குடித்தவர்கள் பாவம்தான். ஆனால் ஒரு மீனவ ஊருக்குப் பணக்காரர்களை இழுத்து வந்தது அந்த உப்புத் தண்ணீர்.

பெரிய குழப்பம் அந்த இளவரசரின் அரண்மனையான ராயல் பெவிலியனில். குவிமாடங்களைப் பார்த்ததும் ‘முகலாயக் கட்டடம்’ என்று படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். 1815 முதல் அதை மாற்றிக் கட்டிய ஜான் நாஷ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உள்ளே போனால் எல்லாம் சீனப் பாணி. விருந்து மண்டபக் கூரையில் வெள்ளி நிற டிராகன் ஒன்று சரவிளக்கை நகத்தில் பிடித்துத் தொங்குகிறது. வாசலோடு திரும்பினால் இதெல்லாம் போச்சு.

முதல் உலகப் போரில், 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை, காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இதுவும் ஒரு மருத்துவமனை. அன்றைய மன்னர் தன் அரண்மனையையே விட்டுக்கொடுத்தார் என்று அப்போது பரப்பினார்கள். இன்றும் அதை நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் விக்டோரியா ராணிக்கு இந்த இடம் பிடிக்காமல் போக, 1850-லேயே நகர நிர்வாகம் இதை விலைக்கு வாங்கிவிட்டது. சிப்பாய்களுக்காக மதமும் சாதியும் பார்த்து ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். கடல் தாண்டிப் போயும் சாதி தனி அடுப்பு மூட்டியிருக்கிறது.

அப்புறம், கடலில் தனியாக நிற்கும் இரும்புக்கூட்டைப் பழைய பேலஸ் பியர் (பியர் என்றால் கடலுக்குள் நீளும் மேடைப் பாலம்) என்று நினைக்காதீர்கள். அது 1975-ல் மூடப்பட்டு 2003-ல் எரிந்த வெஸ்ட் பியர். ராட்டினங்கள் சுற்றுவதுதான் பேலஸ் பியர்.

பலர் தவறவிடுவது சத்ரியை. மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை எரித்த குன்றில், 1921-ல் திறந்த வெள்ளைப் பளிங்கு மண்டபம் அது. வண்டி அதுவரை போகாது. மேய்ச்சல் நிலத்தினூடே நடக்க வேண்டும். அரை நாளாவது ஒதுக்குங்கள். முஸ்லிம் வீரர்களின் கல்லறைகளை அங்கே தேட வேண்டாம். அவர்களை வோக்கிங் ஊரில் அடக்கம் செய்தார்கள்.