பிக்கப்பில் டிசிஎம் மாற்றுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மீனும் வாழைத்தாரும் ரப்பர் ஷீட்டும் ஏற்றி ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றும் வண்டிகள். அவற்றில் டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல் என்னும் டிசிஎம் கிடையாது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றின் ஆட்டோமேட்டிக் வகைகளை வைத்திருப்போருக்கே இக்கட்டுரை பொருந்தும். வேக சென்சார்கள், ஆக்சிலரேட்டர், ஆயில் வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து வரும் தகவல்களைக் கணக்கிட்டு, கியர் பாக்ஸுக்குள் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுகளை இயக்கி, எந்த கியர் எப்போது விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது டிசிஎம்மின் வேலை. சில வண்டிகளில் அது தனிப் பெட்டியாக இருக்கும். சிலவற்றில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவோடு சேர்ந்தும், வேறு சிலவற்றில் கியர் பாக்ஸுக்குள்ளேயே ஆயிலில் மூழ்கியும் இருக்கும். நம் வண்டியில் எது என்று தெரிந்துகொள்ளாமல் விலை விசாரிப்பதே வீண் வேலை.

வண்டி திடீரென ஒரே கியரில் நின்றுவிட்டால், அதாவது லிம்ப் மோடுக்குப் போனால், கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததும் பெரும்பாலும் பி0700 என்ற கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, தெரியும். அதைக் கண்டவுடனே டிசிஎம் போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. டிரான்ஸ்மிஷன் பக்கம் ஏதோ கோளாறு இருக்கிறது, உள்ளே போய்ப் பார் என்று இன்ஜின் இசியுவுக்கு வந்த அறிவிப்பு மட்டுமே அது. டிசிஎம்முக்குள் நுழைந்து படித்தால்தான் உண்மையான கோடு கிடைக்கும்: பி0715 என்றால் இன்புட் வேக சென்சார் சுற்று, பி0720 என்றால் அவுட்புட் சென்சார் சுற்று, பி0750 என்றால் ஷிஃப்ட் சோலினாய்டு. பெட்டியின் உட்பகுதியையே சந்தேகிக்க வைக்கும் பி0613 போன்ற கோடு வந்தாலும்கூட, பேட்டரி மின்னழுத்தத்தையும் எர்த்தையும் சோதிக்காமல் அதை நம்பக் கூடாது. கோடுகளை எழுதி வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட்டுப் பிறகு தேடுவோரும் உண்டு. கோளாறு நிகழ்ந்த நேரத்து வேகமும் வெப்பநிலையும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும்.

எர்த்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் கரைந்து வடியும் உப்புநீர் சேசிஸில் இறங்கி, எர்த் போல்ட்டின் அடியில் துருவாகவும் ஒயர்களை இணைக்கும் கப்ளரின் பின்களில் பச்சைக் களிம்பாகவும் படிகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் மாவட்டம் என்பதால், களிம்பு காய்வதற்கே நேரம் இருப்பதில்லை. இப்படிப்பட்ட ஒயரில் சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டும். கரண்ட் இழுக்கும்போதுதான் அது சரிந்து விழும். ஆகவே டிசிஎம் கப்ளரைக் கழற்றி, சப்ளை ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் இடையே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எரியவிட்டு, அந்த நிலையில் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டு, அதன் பிறகே பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். மீட்டரின் தடித்த முனையைக் கப்ளரின் முகத்தில் குத்தி அளப்பதும் கூடாது. பெண் பின்கள் விரிந்துபோய், இல்லாத கோளாறு ஒன்று புதிதாகப் பிறக்கும்.

ஸ்கேனருக்கு டிசிஎம் பதிலே சொல்லாமல், யு0101 என்ற தொடர்பிழப்புக் கோடு வருமானால், ஃபியூஸுக்கு அடுத்தபடியாக, எலக்ட்ரானிக் பெட்டிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் கேன் ஒயர்களைப் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 60 ஓம் இருக்கும். 120 காட்டினால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. சுழியை நெருங்கினால் இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கின்றன.

புதுப் பெட்டியைக் கொல்லும் இன்னொரு தவறு, பழையது ஏன் போனது என்று கேளாமல் விடுவது. ஷார்ட் ஆன ஒரு சோலினாய்டு, டிசிஎம்முக்குள் தன்னை இயக்கும் டிரைவர் சுற்றை எரித்துவிடக்கூடும். அதே சோலினாய்டோடு புதியதை மாட்டினால் அதற்கும் அதே கதிதான். ஒவ்வொரு சோலினாய்டின் ஓம் அளவையும் கம்பெனி மேனுவலோடு ஒப்பிட்டுவிட்டே மாட்ட வேண்டும். கப்ளருக்குள் சிவப்பாகவோ பழுப்பாகவோ எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், கியர் பாக்ஸ் ஆயில் ஒயர் இழைகளின் வழியே ஊர்ந்து ஏறியிருக்கிறது என்று பொருள். அதைத் துடைத்துவிட்டால் மட்டும் போதாது, கசியும் ஒயரிங்கையும் மாற்றியாக வேண்டும்.

பின்புறக் கூண்டுக்கோ லோடு தடுப்புக்கோ வெல்டிங் வைத்த மறுநாள் கியர் கோளாறு தொடங்கினால், முந்திய நாள் வேலையைத்தான் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றாமல் ஆர்க் வெல்டிங் செய்வது எந்த எலக்ட்ரானிக் பெட்டிக்கும் ஆபத்து. டிசிஎம்மைக் கழற்றும்போதும் அப்படியே: இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகடிவை எடுத்து, சில நிமிடங்கள் விட்ட பிறகே கப்ளரைத் தொட வேண்டும்.

வாங்கும்போது உருவமும் கப்ளரும் பொருந்தினால் போதும் என்று எண்ணி, நாகர்கோவிலிலோ எல்லை தாண்டித் திருவனந்தபுரத்திலோ பழைய பெட்டி தேடுவோர் உண்டு. பாகத்தின் எண் முழுமையாகப் பொருந்த வேண்டும்; அதற்குள் இருக்கும் மென்பொருளும் இன்ஜின், டயர் அளவு, 4 வீல் டிரைவ் அமைப்பு ஆகியவற்றுக்குப் பொருந்த வேண்டும். பல வண்டிகளில் சேசிஸ் நம்பர் பெட்டிக்குள் பதியப்பட்டிருக்கும்; வேறொரு வண்டியிலிருந்து வந்ததை மாற்றி எழுத முடியுமா என்று புரோகிராம் செய்பவரிடம் முன்கூட்டியே கேட்டு, பணத்தை அதன் பின் கொடுப்பதே விவேகம். நம் வண்டியில் கழற்றிய பெட்டியை உடனே பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம். அதிலிருக்கும் தரவைப் படித்துப் புதியதில் எழுத வேண்டிய நிலை வரலாம்.

புரோகிராம் ஓடும்போது மின்னழுத்தம் தடுமாறினால் புதுப் பெட்டி பாதி எழுதிய நிலையில் செத்துப்போகக்கூடும். சாதாரண சார்ஜர் இதற்கு உதவாது. பொதுவாக 13 வோல்ட்டுக்குக் குறையாமல் ஏற்ற இறக்கமின்றித் தரும் சப்ளை யூனிட் வேண்டும். ஏசியும் விளக்கும் பாட்டும் அணைந்திருக்க வேண்டும். கரண்ட் நின்று நின்று வரும் மழைநாளில் இந்த வேலையைத் தள்ளிவைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தண்ணீர் புகாமலிருக்கக் கப்ளரைச் சுற்றிச் சிலிகான் அப்புவோர், புளித்த காடி நாற்றம் அடிக்கும் வகையைத் தொடவே கூடாது; காயும்போது அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். ஒரிஜினல் ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்திருந்து, அதன் விளிம்பில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் சிறிது தடவினால் போதுமானது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயைக் கியர் பாக்ஸ் கப்ளர்மீது நேராகப் பிடிக்கவும் விடக் கூடாது.

மாட்டியதும் கியர் சற்று உதறினால் பதற வேண்டாம். கிளட்ச்சுகள் பிடிக்கும் நேரத்தை டிசிஎம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அந்த அடாப்டேஷனை ஸ்கேனர் வழியே தொடங்கிவைத்து, கம்பெனி சொன்ன ஆயில் வெப்பநிலை வந்த பின்பே வண்டியை ஓட்ட வேண்டும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும் வளைவுகளில் லோடோடு இதைச் செய்தால் கற்பதும் கோணலாகிவிடும். ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு நோக்கிச் செல்லும் சமதரைச் சாலையில், லோடு இல்லாமல், மிதமான ஆக்சிலரேட்டரில் எல்லா கியரும் ஏறி இறங்கும்படி ஓட்டுவது நல்லது. வேலையின்போது ஆயில் இறக்கியிருந்தால், அதே தரக்குறியீடு கொண்ட ஏடிஎஃப் என்னும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலை ஊற்றி, இன்ஜின் ஓடும் நிலையில், குறிப்பிட்ட வெப்பநிலையில் அளவு பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் ஸ்கேனரை மறுபடி செருகி, கோடு எதுவும் காத்திருப்பு நிலையில்கூட இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ஒர்க்‌ஷாப் கணக்கை முடிக்கலாம்.